ரசீது உள்ள பாம்பு

பெலேம் நகரில் இராசில்டா வாங்கிவந்த மலைப்பாம்புக் குட்டி ஐந்து நாளாகப் பட்டினி. இடம் பழகட்டும் என்று அவள் பெட்டியைத் துணியால் மூடி, கை வைக்காமல் விட்டிருந்தாள். ஆறாம் நாள், ஃப்ரீசரில் இருந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டினாள்.

"ஃப்ரீசர்ல எலியா? இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று கத்தினான் ஒடிவால்டோ. கல்யாணத்தைப் பதியாமலே ஒன்பது வருடம் அவளோடு குடித்தனம் நடத்துகிறவன்.

"அதுக்குத் தோலுக்கடியில அரசாங்க நம்பர் போட்ட சிப் இருக்கு. எம்பேர்ல ரசீது இருக்கு. உனக்கு என்னய்யா இருக்கு? பதியலாம்னு கேட்டப்பல்லாம், 'காகிதத்துல என்னடி இருக்கு'ன்னவன்தானே நீ?"

குட்டி வெடுக்கென்று எலியைக் கவ்வியது.

"போறதுன்னா கதவ மெதுவாச் சாத்து," என்றாள். "அது சாப்பிடுது."