பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் மாலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அழுக்கான கால் எதுவும் கழுவப்படுவதில்லை. பாடுபடுவதற்கு முந்திய இரவில் சேசுநாதர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, ஹட்டனிலிருந்து வரும் சாமியார் பன்னிரண்டு ஆண்களை நாற்காலிகளில் அமர்த்தி, ஒவ்வொருவரின் வலது காலிலும் நீர் வார்த்துத் துடைப்பார். அந்தக் கால்கள் முன்னமே வீட்டில் தேய்த்து, அலம்பி, ஈரம் போகத் துடைக்கப்பட்டு வரவேண்டும். மலையில் வேலை முடித்து நேராக வருகிறவர்கள், பின்வாசலருகே விரித்த சாக்குகளின்மேல் நின்றுகொள்ள வேண்டும். எந்தச் சாமியாரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடுகிறவர்கள்கூட இந்த ஒழுங்கைத் தவறவிட்டதில்லை. பித்தளைப் பேசினில் விழுந்த நீர் தெளிவு குறையாமல் திரும்பும். உபதேசியார் இன்னாசி அதைக் கொண்டுபோய் மாதா சுரூபம் நின்ற கெபியடியிலிருந்த ரோசாச் செடிக்கு ஊற்றுவார்.

பெரிய வியாழன் பூசையை மாலையில் வைக்கும் வழக்கம் வந்த நான்காம் வருடம், பன்னிருவரில் ஒருவரான டீமேக்கர் ராகலைக்கு மாற்றலாகிப் போனார். பெரிய கங்காணியும் மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் கிளாக்கரும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாகப் பதினொருவர் எஞ்சினார்கள். பன்னிரண்டாவது நாற்காலிக்கு இன்னாசி, மலைச்சரிவில் மழைநீர் வடியக் கான் வெட்டுகிற மதலைமுத்துவைத் தேர்ந்தார். தபசுகாலப் பாட்டுகளை அவனளவுக்குச் சுருதி பிசகாமல் பாட அந்தத் தோட்டத்தில் வேறு ஆள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

செய்தி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து சேர்ந்த அன்றே மதலைமுத்துவின் கால்கள் அவன் மனைவி ஆரோக்கியத்தின் பொறுப்பாகிவிட்டன. அவளுடைய அப்பா சாகும்வரை சாக்கின்மேல் நின்றே பூசை கண்டவர். தன் வீட்டு ஆண் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து, யாரும் ஒரு சொல் சொல்ல இடமில்லாமல் எழுந்து வரவேண்டும். மாதாவிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சாயங்காலந்தோறும் அடுப்பங்கரையில் உப்புப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், சவுக்காரம், ஒரு செங்கல் துண்டு.

"வருசம் பூரா கான்ல கெடந்த காலு. ஒரு வாரத்துல தொர காலு ஆயிருமா புள்ள?"

"பேசாம நீட்டுங்க."

பக்கத்துக் காம்பரா வேலாயி வாசலில் நின்று எட்டிப்பார்த்தாள். "ஏன் ஆரோக்கியம், ஒம்புருசனுக்கு எங்கயாச்சும் பொண்ணு பாத்திருக்கியா? இந்தத் தேய் தேய்க்கிற."

"பொண்ணு வீட்ல மொகத்தத்தான பாப்பாங்க வேலாயி" என்றான் மதலைமுத்து. "இவ காலுக்கு மட்டும் மாப்பிள்ள அலங்காரம் பண்றா."

வேலாயி சிரித்துக்கொண்டே போனதும் அவன் குரலைத் தணித்தான். "ஒன்னு கேக்குறேன். சேசுநாதர் கழுவப் போனப்ப சீடருங்க எல்லாம் வீட்ல கழுவிட்டா வந்தாங்க? நடந்து வந்த புழுதி அப்புடியேதான இருந்திருக்கும்?"

"ஒங்களுக்கு ஏன் இந்த வம்பு? உபதேசியாரக் கேளுங்க."

"கேட்டேனே. இது அடையாளந்தானாம். அழுக்கு முக்கியமில்லயாம்."

"அப்பறம் என்னா?"

"அழுக்கு முக்கியமில்லன்னா எதுக்கு ஒரு வாரமா எந்தோலு உரியுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் கையை நிறுத்தவில்லை. குதிகாலின் வெடிப்புகளைத் தேய்த்து முடித்து, விரலிடுக்கிலிருந்த சேற்றுப்புண்ணில் தேங்காயெண்ணெயைத் தொட்டு வைத்தபோது குனிந்து ஊதினாள். தேய்த்தது கோயிலுக்காக. ஊதியது, அவனுக்கு எரியும் என்பதற்காக.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. மதலைமுத்து தன் பங்குக் கானை வெட்டி முடித்து, நேரத்தோடு வீடு திரும்பிக் குளித்திருந்தான். மலையில் தான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் வந்து, தானும் குளித்து, அவனோடு சேர்ந்து கோயிலுக்குப் போவதாக ஆரோக்கியம் நினைத்திருந்தாள். நிறுவைக்கு நிற்கவேண்டிய கண்டாக்கையாவைக் காணவில்லை. பன்னிருவரில் அவரும் ஒருவர். காலைத் தயார்செய்ய வீட்டுக்குப் போயிருந்தார். கூடைகளோடு பெண்கள் மழையில் நின்றார்கள்.

"ஐயா காலு அங்க ஊறுது, நம்ம கொழுந்து இங்க ஊறுது" என்றாள் வேலாயி. எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியத்தால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

கண்டாக்கையா பளபளக்கும் சப்பாத்தும் குடையுமாக வந்து, அவசர அவசரமாக நிறுத்து முடித்தபோது கோயில் மணி அடித்துவிட்டது. வீட்டுக்குப் போக இனி நேரமில்லை. அவள் தேயிலைக்குள் குறுக்கே இறங்கி ஓடினாள். பின்வாசலை அடைந்து சாக்கின்மேல் ஏறி நின்றபோது கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. கணுக்கால்வரை சேறு. அட்டை கடித்த இடங்களிலிருந்து இரத்தம் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

உள்ளே, ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்று ஆண்டவர் இட்ட கட்டளையை இன்னாசி தமிழில் வாசித்துக்கொண்டிருந்தார். வருடாவருடம் வாசிக்கப்படுவதுதான். சாமியார் மேலுடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலியின் முன் முழந்தாளிட்டார். ஆரோக்கியம் முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்தாள். கடைசி நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு மதலைமுத்து. அவன் கால் விளக்கொளியில் எண்ணெய் மினுக்கத்தோடு தெரிந்தது. அவன் முறை வந்தபோது நீர் விழுந்தது, துண்டு துடைத்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கண்களை மூடி மாதாவுக்குத் தோத்திரம் சொன்னாள்.

கண் திறந்தபோது மதலைமுத்து திரும்பி அவளைத் தேடிக்கொண்டிருந்தான். கண்டுகொண்டான். பார்வை அவள் முகத்திலிருந்து கால்களுக்கு இறங்கி அங்கேயே நின்றது. மற்றப் பதினொருவரும் அமர்ந்திருக்க, அவன் எழுந்துபோய், பேசினோடு புறப்பட்ட இன்னாசியின் கையிலிருந்து அதை வாங்கினான்.

"எங்கப்பா கொண்டுபோற?" என்று உபதேசியார் அடிக்குரலில் கேட்டார்.

"தண்ணி சுத்தமாத்தாண்ணே இருக்கு. செடிக்கு ஊத்துறதுக்கு முன்னாடி இன்னொரு வேலைக்கு ஆவும்."

கோயிலின் நடுவழியே அவன் நடந்து வந்தான். கூட்டம் விலகியது. பேசினைச் சாக்கின்மேல் வைத்து, ஆரோக்கியத்தின் முன் வேட்டி சேற்றில் படக் குந்தினான்.

"ஏங்க, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீட்டு."

"பொம்பள காலப் போயி, கோயில்ல வச்சு..."

"இந்தா, அட்ட ஒன்னு இன்னும் தொங்குது" என்று அவன் அதைப் பிய்த்து வாசலுக்கு வெளியே எறிந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னாசி வேண்டாமென்று தலையசைத்துக்கொண்டிருந்தார். கண்டாக்கையா தம் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். சாமியார் இடுப்புத் துண்டை அவிழ்க்காமல் நின்றார். பூசையைத் தொடரவும் இல்லை, அவனைத் தடுக்கவும் இல்லை. இப்போது ஓரடி பின்வாங்கினால் போதும். ஏதோ புத்திகெட்டுச் செய்துவிட்டான் என்று மன்னித்து, அடுத்த வருடமும் அவனுக்கு அந்த நாற்காலியைத் தருவார்கள். காலை நீட்டினால் அது போய்விடும். அவள் அப்பா நின்ற சாக்கில் அவனும் சாகும்வரை நிற்பான்.

கீழே அவன் அவள் காலுக்காக இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தான். அடுப்பங்கரையில் அவள் தினமும் ஏந்தியதைப் போலவே. அங்கே அந்த வேலையைக் காண வேலாயியைத் தவிர யாரும் இருந்ததில்லை. யாரும் காணாவிட்டாலும் அவள் செய்திருப்பாள். இவனும் அப்படியே செய்வான் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அப்படியானால் எல்லாரும் காண்பதில் மட்டும் என்ன வெட்கம்?

படங்கை இரண்டு விரலளவு தூக்கிக்கொண்டு, ஆரோக்கியம் வலது காலைப் பேசினுக்குள் வைத்தாள். நீர் சட்டென்று கலங்கிச் செம்மண் நிறமானது.

"குதிகால்ல நல்லாத் தேய்ங்க" என்றாள், பீடம்வரை கேட்கும்படி.