ஏரியில் தொடங்கிக் கடலுக்கு வந்த தூண்டில்

1

இந்தக் கதை என் அண்ணன் பாலாவுடையது. அவனிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பிறகு தெரிந்து நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

துபாயில், சத்வா பகுதியில் ஒரு தையல்கடையின் மாடியில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் தமிழில் எழுதச் சொல்லித்தருகிறார்கள். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்து அங்கே போய், கீழே மிஷின்கள் ஓடும் சத்தத்தில் உட்கார்ந்து எழுதுவேன். ஆசிரியர் ஜெயலட்சுமி மேடம் போன மாதம் ஒரு பயிற்சி தந்தார்: உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருக்கும், உங்களுக்குப் புரியாத ஆசையைப் பற்றி ஒரு கதை.

நான் அதிகம் யோசிக்கவில்லை. பாலா மீன் பிடிப்பான்.

(இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்களுடையது திருநெல்வேலி சைவக் குடும்பம். ஆபீஸில் பிறந்தநாள் கேக் வந்தால், முட்டை போட்டதா என்று விசாரித்த பிறகே அப்பா கை நீட்டுவார். அந்த அப்பாவின் மகன் மீன் பிடிக்கிறான்.)

2

முதல் வரைவுகளை மறைக்கப் போவதில்லை.

"ஏரி கண்ணாடி போல" [அடித்துவிட்டேன். பாலா இருப்பது கனடாவில், ஒண்டாரியோ ஏரிக்கரையில். நான் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. பார்க்காத ஏரி எல்லாமே கண்ணாடி போலத்தான் இருக்கும்.]

"விடிவதற்குள் படகை இறக்கிய பாலாவுக்கு அன்று என்ன நடக்கப்போகிறது என்று" [எனக்கும் தெரியவில்லை. நிறுத்தினேன்.]

மூன்றாவது முறை, தெரிந்ததை மட்டும் எழுதினேன். அவன் செய்வதற்கு ட்ரோலிங் என்று பெயர். படகை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே, பின்னால் தூண்டில்களை இழுத்துக்கொண்டு போவது. சால்மன், டிரவுட் இரண்டும் குளிர்ந்த தண்ணீர் தேடும் மீன்கள். கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் கனமான ஒரு குண்டைக் கம்பியில் கட்டி, தூண்டில் நரம்பை அதில் கவ்வவைத்து, அந்த ஆழத்துக்கு இறக்குவார்கள். மீன் கடித்ததும் நரம்பு குண்டிலிருந்து விடுபடும். வளைந்து நின்ற தூண்டில் கம்பு சட்டென்று நிமிர்ந்து மறுபடி வளையும். நரம்பின் நுனியில் ஸ்பூன் போல ஒரு பளபளப்பான தகடு, அதில் மீனை மாட்டும் முள். படகு ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். அதைவிட வேகமாகப் போனால் சால்மன் சீண்டாது.

ஜெயலட்சுமி மேடம் ஓரத்தில் எழுதியிருந்தார்: "தகவல் எல்லாம் சரியாக இருக்கும்போலத் தெரிகிறது. படகில் ஏன் ஒருவரையும் காணோம்?"

3

படகில் அப்பாவை ஏற்றிப் பார்த்தேன். இறங்கிவிட்டார்.

அப்பா பெயர் கௌரிசங்கர். ஏசி காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு கம்பெனியில் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர். அம்மா இல்லை. வரும் மார்ச்சில் அப்பாவின் வேலை முடிகிறது. வேலையோடு விசாவும் முடியும். அப்பாவை ஸ்பான்சர் செய்யும் அளவுக்கு என் சம்பளம் கிடையாது. ஊரில் எங்களுக்கு வீடு இருக்கிறது, அதில் ஆள் இல்லை. பாலா "என்கூட வந்து இருங்கப்பா" என்று கூப்பிடுகிறான். அப்பா போவாரா என்பதுதான் கேள்வி. கதையில் இல்லை, எங்கள் வீட்டில்.

அவர் தயங்குவதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலா ஏரியிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டான். தொப்பி, லைஃப் ஜாக்கெட், கை நிறைய ஒரு சால்மன். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அத வைக்கிற ஃப்ரிட்ஜ்ல இருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாதுல."

அதற்குப் பிறகு பாலா ஏரியிலிருந்து கூப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து கூப்பிட்டான். உடம்பு எப்படி, மாத்திரை எடுத்தீங்களா, சரி, வெச்சிடட்டுமா. இப்படிச் சில மாதங்கள். பிறகு ஒரு நாள் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வீட்டு மாடி அறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். உள்ளே தயிர் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். "அப்பாகிட்ட காட்டு, அனு. இது அவருக்கு மட்டும்."

காட்டினேன். அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். "கரண்ட் பில் ஏறும்" என்றார்.

4

இந்த ஜனவரியில் பாலா லீவில் வந்தான். அப்பாவிடம் நேரில் கேட்கவே வந்தான். வந்த மறுநாள், சாப்பிடும்போது, அப்பாவே ஆரம்பித்தார்.

"ஏல, ஃபுஜைரால மீன்பிடிப் போட்டு வாடகைக்கு விடுதாங்களாம். நீ அங்க பண்ணுதியே, அதே மாதிரி பின்னால இழுத்துட்டுப் போறது. வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியிருக்கேன்."

பாலா என்னைப் பார்த்தான். "யாருக்குப்பா?"

"உனக்குத்தான். நானும் வாரேன்."

"நீங்க மீன் பிடிக்க வர்றீங்களா?"

"நான் ஏன் பிடிக்கேன். நீ பிடிக்கத பாக்க வாரேன்."

பாலா சாம்பாரை இரண்டு முறை ஊற்றிக்கொண்டான்.

(ஏரியைக் கடலாக மாற்றியது இதனால்தான். நான் இருந்த படகு இது ஒன்றே.)

படகுக்காரர் நெய்னா முகம்மது, கீழக்கரைக்காரர். நாங்கள் ஃபுஜைரா கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா முதலில் இறங்கி அவரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வாடகை விஷயம் என்று நினைத்தேன்.

கரை சின்னதாகும்வரை ஓடி, பிறகு நெய்னா முகம்மது பின்பக்கம் இரண்டு தூண்டில் போட்டார். நுனியில் தகடு கிடையாது, கையளவு பொய் மீன்கள். பாலா எடுக்கப் போனபோது, "நீங்க உக்காருங்க தம்பி, இது என் வேலை" என்று தானே இறக்கினார்.

கொஞ்ச நேரத்தில் பாலாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாய், ஸ்பீட் அதிகமோ? எங்க ஏரில நடக்கிற வேகத்துலதான் இழுப்போம்."

"உங்க ஏரி மீனு பென்ஷன் வாங்குன மீனா இருக்கும். இது வஞ்சிரம் தம்பி. மெதுவாப் போனா திரும்பிக்கூடப் பாக்காது."

அப்பா சிரித்தார். பென்ஷன் என்ற வார்த்தை அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஒரு கம்பு வளைந்தது. பாலா எழுந்தான். அவன் கைவைப்பதற்குள் நிமிர்ந்துவிட்டது. அடுத்தது வளைந்தது, நிமிர்ந்தது. மறுபடியும் அப்படியே. "கடிக்குது, ஆனா மாட்டல" என்று பாலா தனக்குள் சொல்லிக்கொண்டான். வேகமா, நரம்பா, தன் ராசியா என்று ஒவ்வொன்றாக யோசிக்கும் முகம். எழுத உட்கார்ந்தால் எனக்கும் அப்படி ஒரு முகம் வரும் என்று வகுப்பில் சொல்வார்கள்.

எனக்கு வாந்தி வந்தது. பையில் எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க ஸ்டியரிங் பக்கம் அடுக்கியிருந்த பேப்பர் கப்பில் ஒன்றை எடுத்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது. முட்கள். மூன்று நுனி உள்ள தூண்டில் முட்கள்.

நெய்னா முகம்மது குரலைத் தாழ்த்தினார். "அதுல குடிச்சிராத தங்கச்சி. வேற எடு."

"இது ஏன் பாய் இங்க இருக்கு?"

"உங்க அப்பாதான் கழட்டச் சொன்னாரு. வாடகை முழுசாத் தாரேன், பையன் ஆசப்படுதான், போட்டு ஓடணும், தூண்டில் போடணும், ஆனா எதுவும் சாகக் கூடாதுன்னாரு. நான் என்ன செய்ய?"

5

இந்த இடத்தில் கதை எனக்கு நின்றுபோனது.

அப்பாவை எப்படி எழுதுவது? மகனுக்காக மீன்பிடிப் படகில் ஏறிய மனிதர் என்றா, மகனை ஏமாற்றியவர் என்றா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அப்பா சாமி படம் போல ஆகிவிட்டார். இரண்டாவதில் வேறு யாரோ ஆகிவிட்டார். எங்கள் அப்பா, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் படிப்பவர், அந்த இரண்டிலும் இல்லை.

அவர் கணக்கு எனக்கு ஓரளவு புரிகிறது. மகனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்திருக்கிறார்: படகு, தண்ணீர், கம்பு வளைவது. கடைசியில் வருகிற மீனை மட்டும் கழித்துவிட்டால் மீதி எல்லாம் அவனுக்குக் கிடைக்கும். ஒரு எஸ்டிமேட்டரின் யோசனை. ஆனால் மீன் பிடிக்கிறவனுக்கு அந்த மீதி என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

6

"தூண்டிலை ஒரு தடவ பாத்துடறேன் பாய்" என்று பாலா எழுந்தான்.

"நான் பாக்கறேன் தம்பி."

"பரவால்ல."

நெய்னா முகம்மதுவால் ஸ்டியரிங்கை விட்டு வர முடியவில்லை. பாலா நரம்பைச் சுற்றச் சுற்ற, அப்பா கரை இருக்கும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கே மலையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையில் தண்ணீர் கப்போடு நின்றேன்.

பாலா பொய் மீனைக் கையில் எடுத்தான். எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றான். ஏரியில் அத்தனை வருஷம் மீன் பிடித்தவனுக்கு முள் இல்லாதது கண்ணில் படாமல் இருக்குமா? அதில் பல் பட்ட கோடுகள் இருந்திருக்கும். ஒருவேளை முள் இருந்த வளையத்தை விரலால் தடவியிருப்பான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல ஒரு பத்தி எழுதினேன், அதை நீக்கிவிட்டேன்.

பிறகு அதை அப்படியே தண்ணீரில் விட்டான். நரம்பு ஓடி முடிந்ததும் சொன்னான்:

"பாசி சிக்கியிருந்துச்சு."

"அப்படித்தான் சிக்கும்" என்றார் நெய்னா முகம்மது, அவசரமாக.

சிறிது நேரத்தில் கம்பு மறுபடி வளைந்தது. இந்த முறை பலமாக. பாலா அதை எடுத்தான். எடுத்து, அப்பாவின் கையில் கொடுத்தான்.

"பிடிங்கப்பா."

"எனக்கு எதுக்குல."

"சும்மா பிடிங்க. கெட்டியா."

அப்பா பிடித்தார். கம்பு அவர் கைகளை முன்னால் இழுத்தது. வாய் திறந்துவிட்டது. பாலா பின்னால் நின்று அவர் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டான். ஒரு மூச்சு நேரம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. பிறகு நரம்பு தளர்ந்தது.

"போயிட்டு" என்றார் அப்பா.

"போகட்டும்ப்பா."

"நல்ல கனம்ல."

"ஆமாப்பா."

திரும்பி வரும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். யாரும் முள்ளைப் பற்றிப் பேசவில்லை.

7

வகுப்பில் இதுவரை படித்தேன். ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள்.

ஜொஹரா: அவன் கோபத்தில்தான் கம்பைக் கையில் கொடுத்தான். 'பாருங்க, நீங்க கெடுத்தது இதுதான்' என்று காட்ட. லீவின் கடைசி நாளில் அண்ணன் வெடித்துவிட வேண்டும்.

கார்மேகம் அண்ணன்: "முள்ளைக் கழட்டினத அப்பா ஒத்துக்கணும்மா. ஒத்துக்கிட்டாத்தான் நிம்மதி." அவருக்கு ஊரில் இரண்டு மகன்கள்.

ஜெயலட்சுமி மேடம் முடிவு எதுவும் சொல்லவில்லை. "உன் அண்ணனிடம் கேட்டாயா?" என்றார்.

கேட்டேன், அன்றே. பாலா போனில் சொன்னது இது: "அந்த பாய் ரொம்ப வேகமா ஓட்டினாரு, அனு. அதான் மாட்டல." நான் "பாலா" என்றேன். அவன் "வேற என்ன?" என்றான். அந்தக் குரலுக்கு மேல் கேட்க முடியவில்லை.

எழுதிய முடிவுகளைக் கீழே தருகிறேன்.

(அ) விமான நிலையத்தில் பாலா திரும்பி, "முள்ளு ஏன் கழட்டினீங்க?" [இல்லை. கேட்பவனாக இருந்தால் படகிலேயே கேட்டிருப்பான்.]

(ஆ) அப்பா ஊருக்கே போகிறார். பாலாவின் மாடியில் அந்த ஃப்ரிட்ஜ் [இதை எழுத முடியவில்லை.]

8

நேற்று பாலா கூப்பிட்டான். டிக்கெட் போட வேண்டும், ஒரு பதில் வேண்டும் என்றான். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினார். நான் எதிரில் இருந்தேன்.

"அந்த ஏரி இப்ப உறைஞ்சு கெடக்குமோ?"

"ஓரம் மட்டும்தான்ப்பா. அவ்ளோ பெரிய ஏரி உறையாது. ஏப்ரல்ல போட்டை இறக்கிடுவேன்."

"ஏப்ரல்."

"ஆமா. அப்ப டிரவுட் கரைகிட்டயே இருக்கும். ஆழமாப் போக வேண்டாம்."

அப்பா கத்தியை வைத்தார். ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏல பாலா. அங்க முள்ளு போட்டுத்தான் ஆகணுமா?"

நான் எழுந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உட்கார்ந்திருந்தாலும் அவன் பதில் எனக்குக் கேட்டிருக்காது. ஆனால் அப்பாவின் முகத்தில் அது தெரிந்துவிடும், தெரிந்தால் எழுதிவிடுவேன். அதனால் வந்துவிட்டேன்.

அண்ணன் என்ன சொல்வான் என்று நான் முடிவு செய்ய மாட்டேன். அவன் ஆசை எனக்கு இன்னும் புரியவில்லை, அப்பாவின் கையில் இருந்த அந்த ஒரு மூச்சு நேரம் தவிர. உங்களுக்குப் புரிந்திருந்தால் நீங்கள் பாலாவாக இருந்து பதில் சொல்லுங்கள். நடக்கிற வேகத்தில் சொன்னால் போதும். கதையில் அப்பா இன்னும் போனை வைக்கவில்லை.