வான்படத்தில் ஓர் எட்டு

வரைபடக் காப்பகத்தில் வேலை பார்த்தவளை ஒரு பழைய படம் மூன்று வாரமாகப் பாடாய்ப் படுத்தியது. நாற்பது வருடத்துக்கு முன்பு விமானத்திலிருந்து எடுத்தது. ஊர் ஓரத்து வெற்று மைதானத்தில் வெள்ளையாக ஓர் எட்டு தெரிந்தது. ஏதோ பழங்காலக் கோட்டை என்று மேலதிகாரி அடித்துச் சொன்னார். பக்கத்து மேசைக்காரரோ வற்றிப்போன இரட்டைக் குளம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மூத்த நாத்தனாரிடம் படத்தின் நகலைக் காட்டினாள். அவர் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கோட்டையா? ஸ்கூட்டர் லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்டுற இடம்டி இது! இங்க நாலு தடவை கோட்டை விட்டவ நான்."

"எப்படி அண்ணி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்த ஓரத்து வேலியப் பாரு. நடுவுல ஓட்டை தெரியுதா? பிரேக்கப் பிடிக்கிறதுக்குப் பதிலா ஆக்சிலேட்டரத் திருகி நான் போட்ட ஓட்டை அது."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வேலியில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் போக்குவரத்து அலுவலகத்தின் பழைய முகவரியைத் தேடிப் பார்த்தாள். அதே இடம்தான். மேலதிகாரி தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். 'ஓட்டுநர் தேர்வுத் திடல்' என்று அவள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அடையாளம் தெரியாத ஒரு கட்டுப் படங்களை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உங்க அண்ணி நாளைக்கு சும்மாதானே இருப்பாங்க?"