உடையாத கீ

பிளாஸ்டிக் கழிவு அரைக்கும் அந்த ஆலையில் ஃபிட்டர் வேலை முதலாளியின் மாப்பிள்ளைக்கு. அவனுடைய மரியாதையோ விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கீ. மோட்டார் சுற்றும் தண்டான ஷாஃப்டில் பாதி, பல்சக்கரத்தில் பாதி என்று வெட்டிய பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் ஷாஃப்டின் சுற்று சக்கரத்துக்குப் போகும். குப்பையோடு ஒரு போல்ட் விழுந்து மெஷின் இறுகினால், முதலில் கீ அறுந்து உயிரை விடும், மற்றதெல்லாம் பிழைக்கும். அதற்காகவே அதைச் சாதா இரும்பில் செய்வது.

இது மாமனாருக்குப் புரிய வேண்டுமே! கீ அறுந்த ஒவ்வொரு முறையும் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, "நம்ம மாப்பிள்ளை கை வச்சது எது நின்னிருக்கு?" என்பார். அவர் மகன், அதாவது மச்சான், தலையைக் குனிந்து சிரிப்பான். பத்து வருஷம் இதைக் கேட்ட மாப்பிள்ளை ஒருநாள் பொறுக்கமாட்டாமல், உளி செய்கிற கெட்டி எஃகில் ஒரு கீயை வெட்டியெடுத்துப் பொருத்திவிட்டான். தப்பு என்று தெரிந்தேதான் செய்தான். ரோஷம் யாரை விட்டது!

ஐந்து மாதம் கீ அசையவில்லை. சாப்பிடும்போது மாமனாரே அவனுக்குப் பரிமாறினார். ஆறாவது மாதம் போல்ட் விழுந்தது. ஷாஃப்ட் முறிந்தது, சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன, கியர் பெட்டி இரண்டாகப் பிளந்தது. அத்தனைக்கும் நடுவில் கீ மட்டும் முழுசாகக் கிடந்தது.

மாமனார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார். "நீ பாத்துப் பாத்து வாங்குன பெட்டியோட லட்சணத்தப் பாருடா! மாப்பிள்ளை செஞ்சது ஒண்ணுதான் நிக்குது."

மச்சானின் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளைக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

"இல்ல மாமா, உடைய வேண்டியதே அதுதான். நான்தான் வீம்புக்கு உடையாத மாதிரி செஞ்சேன். தப்பு என்னோடது."

"கேட்டியாடா? உனக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. இந்தக் குணம் உனக்கு வருமா?"

புது மெஷினில் மாப்பிள்ளை பழையபடி சாதா இரும்புக் கீயையே வைத்தான். திட்டு வாங்கத் தயாராகவும் இருந்தான். இரண்டாம் மாதம் அது அறுந்தது. மாமனார் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லு. மாப்பிள்ளை போட்ட கீய எடுத்துட்டு நீ எதடா போட்ட?"