வாசித்துச் சொன்ன கடதாசி

சனியும் ஞாயிறும் பம்பாய் வெங்காய மூட்டை தூக்கிவிட்டு வந்தால் நோபேட்டுக்குத் தோள் தன்னுடையதாக இருக்காது. சட்டையைக் கழற்றக் கை உயரவில்லை. பிடரியில் சாக்கு உரசி உரசித் தோல் போன இடம் வியர்வை பட்டு எரிந்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்த கல்லூரி விடுதி அறையில், கட்டில் விளிம்பில் அப்படியே குந்தியிருந்தான்.

"கையைத் தூக்கு," என்றான் அறைத் தோழன் சாந்தன்.

"ஏலாது மச்சான்."

"தூக்கடா எருமை." சட்டையை அவனே உருவி எடுத்து, சித்தாலேப வலிக் களிம்பைத் தோளில் அப்பினான்.

"மெல்ல. நான் மனுசன், வெங்காயம் இல்ல."

"மணத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்ல."

சாந்தனுக்குக் கை சின்னது, ஆனால் சூடானது. அந்தக் கைக்காகவே நோபேட் இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டை தூக்கினான் என்றாலும் பொய்யில்லை.

நோபேட் கொட்டாஞ்சேனைக்காரன். தகப்பன் துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர். பதினேழு வயதில் கோயில் மதிலுக்குப் பின்னால் இன்னொரு பெடியனோடு இவனைக் கண்டார். அடித்தார். அடித்து முடித்துக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகளிடம் விட்டார். "இவனை ஆம்பிளையாக்குங்க," என்றார். வீட்டுக்கு வந்து இவனிடம் சொன்னது வேறு. "இன்னொரு தரம் காதுல விழுந்தா, தூக்கிக் கடல்ல போட்டுருவன்." துறைமுகத்துக்காரர் அதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

சாந்தன் முல்லைத்தீவு. ஆறு வயதில் பதுங்குகுழிக்குள் தாயின் உடலோடு ஒரு பகல் முழுக்கக் கிடந்தவன். இடுப்பில் இன்னும் ஒரு ஷெல் துண்டு. வவுனியாவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தான். படிப்புக்கு அந்த இல்லம்தான் பணம் கட்டியது. நடத்தை சரியில்லையென்று கடிதம் போனால் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். கரண்ட் போனால் அவனுக்கு மூச்சு முட்டும். முதல் வருடம் அப்படிக் கரண்ட் போன ஒரு பொழுதில்தான் எழும்பி வந்து நோபேட்டின் பக்கத்தில் படுத்தான். கரண்ட் வந்தது. அவன் திரும்பிப் போகவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் அசந்து தூங்கிவிட்டார்கள். யாரோ அறையில் சோறு சமைக்கிறார்களென்று கேள்விப்பட்டு, விடுதி வோர்டன் தன் திறப்பால் கதவைத் திறந்தார். சாந்தனின் முகம் நோபேட்டின் நெஞ்சில் இருந்தது. வோர்டன் மூலையிலிருந்த ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார்.

"குக்கரையும் கொண்டு போயிட்டான்," என்று சாந்தன் சிரிக்கப் பார்த்தான்.

வோர்டன் முறைப்பாடு கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. எனக்குக் காய்ச்சல், இவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்வதாகச் சாந்தன் முடிவெடுத்தான். "நீ சிங்களத்தில வடிவாச் சொல்லு. எனக்கு அங்க நிண்டா வாய் வராது."

"நான் கதைக்கிறன். நீ பயப்படாத."

ஒழுக்காற்று அலுவலர் நிலூஷா மெடம் நாற்பது வயதுச் சிங்களப் பெண். கோபக்காரி அல்ல, களைத்தவள். நோபேட் சிங்களத்தில் காய்ச்சல் கதையைச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"தம்பி, என்னைப் பேய்க்காட்டாதே," என்றாள் சிங்களத்தில். "இரண்டு பேரும் சம்மதித்துச் செய்தது என்றால் இரண்டு பேரையும் விலக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் காரணம் எழுதிக் கடிதம் போகும். ஒருவன் தொந்தரவு செய்தான், மற்றவன் பாவம் என்றால் ஒரு கடிதம்தான். யார் யாரைத் தொந்தரவு செய்தது?"

சாந்தன் நோபேட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சிங்களத்தில் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சொற்களே அவனுக்குத் தெரியும். எழுத்து ஒன்றுமே தெரியாது.

மூட்டை அடுக்குச் சரிந்தால் பக்கத்தில் நிற்பவனை இழுக்கப் போகாதே, உன் காலை எடு. நாட்டாமிகள் முதலாவதாகச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். நோபேட் காலை எடுத்தான்.

"அவன்தான், மெடம்."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள். அச்சு இயந்திரம் ஒரு கடதாசியைத் துப்பியது. சாந்தனின் கூற்று: என் அறைத் தோழன் தூங்கும்போது அவரிடம் பலமுறை தகாத விதமாக நடந்தேன், அவர் மறுத்தும் விடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் சிங்களத்தில்; நோபேட்டுக்கு அதை வாசிக்கத் தெரியும். தமிழில் கேட்டால் கொடுப்பார்கள், இரண்டு கிழமை செல்லும் என்றாள். நோபேட் அதைச் சாந்தனுக்குச் சொல்லவில்லை.

"என்னவாம்? என்ன எழுதியிருக்கு?" சாந்தன் கிசுகிசுத்தான்.

நோபேட் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டினான், வாசித்துச் சொல்பவனைப் போல. "காய்ச்சலெண்டுதான் இருக்கு. இனிமே ஒரே கட்டில்ல படுக்க மாட்டமெண்டு இருக்கு. கையெழுத்து வை."

சாந்தன் அவனை நம்பிப் பேனையை எடுத்தான். தமிழில், கோணல்மாணல் இல்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை விலக்கல் கடிதம் வந்தது, சாந்தனுக்கு மட்டும். அதுவும் சிங்களத்தில். அவன் உடுப்புகளை ஒரு பையில் அடைத்தான். அழவில்லை. "உனக்கு வராதது நல்லதாப் போச்சு. உன்ர கொப்பர் உயிரோட விட்டிருக்கமாட்டார்," என்றான். சாந்தன் தனக்காகச் சந்தோசப்படுகிறான் என்று நோபேட்டுக்கு விளங்கியது.

"இனி என்ன செய்யப் போற?"

"இல்லத்தில இனி விடமாட்டினம். சின்னம்மாவின்ர மனுசன் வவுனியாவில ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறார். சீமெந்து ஏத்தலாம். நீ தூக்கிறாய்தானே, நானும் தூக்கிறன்."

"இடுப்பில ஷெல் துண்டை வச்சுக்கொண்டா?"

"அப்ப நீ வந்து தூக்கு."

பஸ் நிலையத்தில் நல்ல வெயில். சாந்தன் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தான். தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று கண்டு திருப்பிக்கொண்டான்.

"சித்தப்பாவின்ர கடைக்கு வாற சிங்கள ட்றைவர் ஒராள் இருக்கிறார். அவரிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லப்போறன். ஏன் என்னை மட்டுமெண்டு தெரியோணும்." பிறகு நோபேட்டின் முகத்தைப் பார்த்தான். "நீ அண்டைக்கு வாசிச்சுச் சொன்னதுதானே அந்தக் கடதாசியில இருந்தது?"

கொண்டக்டர் வவுனியா, வவுனியா என்று கத்திக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் இருந்தது.

"ஓம்," என்றான் நோபேட்.

சாந்தன் தலையாட்டினான். ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதால் தொடவில்லை. ஏறி, ஜன்னல் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தான். பஸ் வெளிக்கிட்டது.

மூன்று கிழமையாகிவிட்டது. சாந்தனிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நோபேட் எடுத்தாலும் லைன் போவதில்லை. கடிதத்தை ட்றைவர் வாசித்துவிட்டாரோ, இல்லையோ. யார் வாசித்தாலும், அதைச் சொல்ல வேண்டியவன் நோபேட்தான். அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்பதை அவன் தன் வாயால் சாந்தனுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.