பாதி கத்தரித்த ஆடு

வலது கை மட்டும் விரியவே இல்லை. குளிப்பாட்ட வந்த ஆண்கள் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், நீவிப் பார்த்தார்கள். லட்சுமணனின் மூடிய விரல்கள் மூடியபடியே இருந்தன. விரலிடுக்கில் ஒரு கொத்து ஆட்டு மயிர் துருத்திக்கொண்டிருந்தது.

"விடுங்கப்பா. அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஆராயி.

"கத்தரி புடிச்ச கை அண்ணி!" ஜனக்புரியிலிருந்து ஓடிவந்திருந்த நாத்தனார் ஜெயலட்சுமி மாரில் அடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் கத்தரியும் கையுமா இருந்துட்டாரே எங்கண்ணன்!"

கத்தரி பிடித்த கைக்குள் மயிர் எப்படி வந்தது என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆடு என்றால் பிரியாணி என்று மட்டும் தெரிந்தவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் தப்புதான்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, நஜஃப்கர் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பீகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி வளர்த்த மனிதர் லட்சுமணன். அவர் கத்தரி போட்டால் ஆட்டுக்குச் சட்டையைக் கழற்றினது போல மயிர் ஒரே விரிப்பாக வரும். முப்பது வருஷம் அவர் வெட்டினார், ஆராயி கால் பிடித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் கிடாயின் தோலில் கத்தரி பட்டு ரத்தம் வந்ததும், கத்தரியை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆராயி அதை எடுத்து மிச்சத்தை வெட்டி முடித்தாள். அன்றிலிருந்து அவர் பிடித்தார், அவள் வெட்டினாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. யாராவது வந்தால் கத்தரி அவர் கைக்கு வந்துவிட வேண்டும். வாசல் சங்கிலி சத்தம் கேட்டதும் இருவரும் இடம் மாறி உட்கார்ந்து, திருட்டுப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பை அடக்குவார்கள்.

இன்று காலை நாலு ஆடு முடிந்து ஐந்தாவது பாதியில் இருந்தது. ஆடு உதறியது. "பிடிய விடாதீங்கன்னா" என்று அதட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். அவர் ஆட்டின் வயிற்றில் தலை சாய்த்திருந்தார். அவரிடம் கடைசியாகச் சொன்னது ஒரு அதட்டலாகிப் போனது. அக்கம்பக்கத்தார் ஓடிவரும் சங்கிலி சத்தம் கேட்டபோது, பழக்கதோஷத்தில் கத்தரியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அந்த ஆடு இப்போது ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் தரையில் புரளும் மயிருமாக, அழுகிறவர்களுக்கு நடுவே திரிந்துகொண்டிருந்தது.

மகன் மதியழகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். லோதி ரோட்டில் அரசாங்க வேலை, நல்ல பிள்ளை, அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா, இஸ்மாயில் அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். டெம்போவோட வர்றாரு. ஆடு எல்லாத்தையும் இன்னிக்கே ஏத்தி வித்துரலாம். நீ என்கூட ஃப்ளாட்டுக்கு வந்துரு."

"ஏன்டா?"

"வெயில் ஏறிருச்சு. இன்னும் பதினெட்டு மயிரோட நிக்குது. யாரும்மா வெட்டுவா? உனக்குக் கால் புடிக்கத்தானே தெரியும்?"

ஆராயி புருஷனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாலை போட்டுக் கிடக்கிறவரின் பேரை உருவியதாகும். சொல்லாவிட்டால் இருபத்து மூன்று ஆடும் டெம்போவில் ஏறிவிடும்.

வருஷா வருஷம் கம்பளி மயிர் வாங்கும் இஸ்மாயில் வந்து, பிணத்தின் முன்னால் தலை குனிந்து நின்றார். அவர் நிமிரும்போது ஆராயி கத்தரியோடு அந்தப் பாதி வெட்டிய ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" ஜெயலட்சுமி அலறினாள். "கருமாதி வரைக்கும் இந்த வீட்ல மயிர்ல கத்தரி படக்கூடாது!"

"அது நமக்கும்மா. அந்த ஆட்டுக்கு யாரு செத்தா?"

சாவு வீடு என்பதை மறந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஆராயி ஆட்டைப் படுக்க வைத்தாள். "மதி, கால புடி."

வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு காலைப் பிடித்தான். ஆடு மூன்றாவது காலால் அவன் மார்பில் ஒரு உதை விட்டது.

"நாலுல மூணு கால ஒண்ணா சேத்துப் புடிடா. உங்கப்பா புடிக்கிற மாதிரி."

"அப்பாவா?"

சொல் வாயைவிட்டுப் போய்விட்டது. போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "ரெண்டு வருசமா அவருதான் புடிச்சாரு, நான்தான் வெட்டினேன். அவர மாதிரி ஆடு புடிக்க இந்த டெல்லியிலயே ஆளு கிடையாது. உயிர் போயும் விடல, பாரு."

மதியழகன் திரும்பி அப்பாவின் கையைப் பார்த்தான். பிறகு மூன்று காலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான்.

கத்தரி ஓட ஆரம்பித்தது. வயிறு, விலா, தொடை, கழுத்து. ஆராயியின் மணிக்கட்டு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பிணவண்டி டிரைவர்கூட இறங்கி வந்து, "அரே வாஹ், அம்மாஜி" என்றான். கடைசி வெட்டில் மயிர் ஒரே விரிப்பாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. ஆடு எழுந்து சிலிர்த்துவிட்டுப் பட்டிக்கு ஓடியது. அதன் தோலில் ஒரு கீறல் இல்லை. ஆராயிக்குப் பெருமை பொங்கி வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

இஸ்மாயில் மயிரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெட்டு மாறினது அப்பவே தெரியும்க்கா. அண்ணன் சொல்லட்டும்னு இருந்தேன்." டெம்போக்காரனுக்குக் கை காட்டினார். "பையா, வாபஸ்."

மதியழகன் வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டு எழுந்தான்.

"நாளைக்குக் காலைல வெயிலுக்கு முன்னாடி மிச்சத்த ஆரம்பிக்கணும்" என்றாள் ஆராயி.

"அஞ்சு மணிக்கு எழுப்பும்மா."

வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. யாரோ கொள்ளிச்சட்டியை நீட்டி, "கையக் கழுவிட்டு வாப்பா" என்றார்கள். அவன் கழுவாமலே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சட்டியைப் பிடித்திருந்த விரலிடுக்கில் ஒரு கொத்து மயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.