ஏழும் ஒன்றும்

அறையை விட்டு வெளியே வந்தபோது றஜித்துக்குக் காது இரண்டும் கொதித்தன. உள்ளே, கம்பசில் மனோதத்துவம் படிப்பிக்கிற யோகலிங்கம் சேர், பெண்களின் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். எல்லாம் உடுப்புக் குறைந்த படங்கள். படத்துக்கு இரண்டு கேள்வி: பார்க்க எவ்வளவு பிடித்திருக்கிறது? இவள் எவ்வளவு நல்லவள்? ஒன்றிலிருந்து ஏழு வரை புள்ளி. இளம் ஆண்கள் இப்படியான படங்களை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி மதிக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். சைக்கிள் கடையில் கூட வேலை செய்கிறவன் "சும்மா வாடா" என்று இழுக்க, இந்த மடையனும் போய்விட்டான். கடலுக்குள் ஈரச் சேலையோடு நின்ற ஒருத்திக்கு, பிடித்ததற்கு ஏழும் போட்டுவிட்டான்.

பிறகுதான் பயம் பிடித்தது. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில், வெளியே போக விடுகிற பாஸுக்கு அலைகிற காலத்தில், கடவுளே என்று ஒரு கலியாணம் பொருந்தி வந்திருக்கிறது. மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசித்தாயிற்று, இன்னும் ஒன்று மிச்சம். "தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சுவாமியார் வாசிக்கும்போது யாராவது எழும்பி, "இவன் கண்ட படத்துக்கும் ஏழு போட்டவன்" என்றால்? பேப்பரில் பெயர்கூட எழுதவில்லை. ஒருவரும் எழும்பப் போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை.

ஒழுங்காகச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தால், நாலு மந்திரத்தோடு விசயம் முடிந்திருக்கும். அந்தப் பதகளிப்பில் அவன் சைக்கிளை நேரே பிறின்சி வீட்டுக்கு விட்டான்.

கட்டப்போகிறவள் குசினி வாசலில் குளத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தாய் கிணற்றடியில் நின்றாள். றஜித் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"பாத்ததுக்கோ இவ்வளவு நடுங்கிறியள்?" பிறின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆம்பிளையள் பாக்கிறது ஆருக்குத் தெரியாது?"

அப்பாடா! அதோடு அவன் வாயை மூடியிருக்கலாம்.

"ஆனா பிறின்சி, நல்லவளோ எண்ட கேள்விக்கு அவளுக்கு ஒண்டுதான் போட்டனான்" என்றான், பெருமையாக.

கத்தி நின்றது.

"பிடிச்சதுக்கு ஏழு. நல்லவளுக்கு ஒண்டு."

"ஓம்."

"அவளை உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை. படம்தானே."

"கலியாணத்துக்குப் பிறகு என்னையும் உங்களுக்குப் பிடிக்கத்தானே வேணும்?" அவள் இப்போது சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு எத்தினை போடுவியள்?"

ஏழு என்று சொல்ல வாய் உன்னியது. எந்தக் கேள்விக்கு என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கிணற்றடியில் தாய் வாளியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறின்சி, செதில் ஒட்டிய கையோடு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.